புதிய ஆப்ஷனுக்கு எந்தக் கோப்பு?

லினக்ஸ் கெர்னலில் ஒரு புதிய வசதியைச் சேர்க்கும் பேட்ச் உங்கள் ரிவ்யூவுக்கு வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சி நிரல் நானூறு வரி இருக்கும். கெர்னலில் எதைச் சேர்ப்பது என்று தேர்ந்தெடுக்கும் ஆப்ஷன்களை வரையறுக்கும் கேகான்ஃபிக் கோப்பில் பத்து வரி இருக்கும். பலர் அந்தப் பத்து வரியில் எழுத்துப்பிழை இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு நேரே சி நிரலுக்குப் போய்விடுகிறார்கள். இந்த அத்தியாயம் அந்தப் பத்து வரியைப் பற்றியது. அது எந்தக் கோப்பில், எந்த மெனுவில், எந்த வரிக்குக் கீழே வர வேண்டும் என்று எப்படி முடிவு செய்வது என்பதைப் பார்ப்போம்.

ஆப்ஷன்களின் பெயர்களையும் அடைவுகளின் பெயர்களையும் இங்கே தமிழ் எழுத்தில் தருகிறேன். கோப்பில் ஆப்ஷன் பெயர்கள் ஆங்கிலப் பெரிய எழுத்துகளில், சொற்களுக்கு நடுவே அடிக்கோட்டுடன் இருக்கும். தேடும்போது அப்படித் தட்டச்சு செய்துகொள்ளுங்கள்.

எங்கே வைத்தால் என்ன?

நியாயமான கேள்விதான். கேகான்ஃபிக் ஆப்ஷன்கள் எல்லாம் ஒரே பெயர்வெளியில் இருக்கின்றன. நினைவக மேலாண்மைக் கோப்பில் வரையறுத்ததை வலையமைப்பு நிரல் தாராளமாகப் படிக்கலாம். கடைசியில் உருவாகும் '.கான்ஃபிக்' கோப்பில் அடைவுப் படிநிலை எதுவும் கிடையாது. வரிக்கு ஒரு பெயர், ஒரு மதிப்பு, அவ்வளவுதான். எனவே உங்கள் கணினியில் கம்பைல் செய்து பார்த்தால் ஆப்ஷன் எந்தக் கோப்பில் இருந்தாலும் வேலை செய்யும். தவறான இடம் சோதனையில் சிக்காமல் தப்பிப்பதற்கு இதுதான் காரணம். படித்துப் பார்ப்பவர்தான் அதைப் பிடிக்க வேண்டும்.

இடம் மாறினால் மூன்று விஷயங்கள் மாறும். முதலாவது, யாருடைய கண்ணுக்கு அந்த ஆப்ஷன் தெரியும் என்பது. ஆர்ச்/எக்ஸ்86 அடைவிலுள்ள கேகான்ஃபிக் கோப்பை, எக்ஸ்86க்குக் கெர்னல் கட்டும்போது மட்டுமே கருவி படிக்கும். ஆர்ம்64க்குக் கட்டுபவருக்கு அந்த ஆப்ஷன் 'அணைந்திருக்கிறது' என்று சொல்வதுகூடத் தவறு. அவருக்கு அப்படி ஒன்று கிடையவே கிடையாது. இரண்டாவது, எதை நம்பி அது நிற்கிறது என்பது. 'இஃப்' கட்டத்துக்கு உள்ளேயோ, நிபந்தனை போட்ட மெனுவுக்கு உள்ளேயோ வைத்தால், நீங்கள் எழுதாத நிபந்தனையும் ஆப்ஷனோடு ஒட்டிக்கொள்ளும். மூன்றாவது, யார் அதற்குப் பொறுப்பு என்பது. 'கெட்_மெயின்டெய்னர்' ஸ்கிரிப்ட் பெரும்பாலும் கோப்பின் பாதையைப் பார்த்துத்தான் ஆட்களின் பெயரைச் சொல்கிறது. தவறான கோப்பில் வைத்தால் பேட்ச் தவறான ஆளிடம் போகும். இரண்டு வருடம் கழித்து அந்த ஆப்ஷனில் வரும் திருத்தமும் அவரிடமே போகும்.

இந்த மூன்றில் முதலாவதுதான் உண்மையில் ஆபத்தானது. அதற்கு ஒரு நல்ல சான்று இருக்கிறது.

2024 ஏப்ரலில் நடந்தது

2022 ஜூலையில் 'ரெட்பிளீட்' என்ற செயலிக் குறைபாடு வெளியானபோது, எக்ஸ்86 அடைவில் 'ஸ்பெக்குலேஷன் மிட்டிகேஷன்ஸ்' என்ற புதிய மெனு ஒன்றைத் திறந்தார்கள். ஊக இயக்கத்தால் வரும் பாதுகாப்புத் துளைகளை அடைக்கும் தடுப்புகளெல்லாம் அதன் கீழே ஒவ்வோர் ஆப்ஷனாக வந்தன. மெனு ஆர்ச்/எக்ஸ்86 அடைவில் இருந்தது சரிதான். அதன் கீழிருந்தவை எல்லாமே எக்ஸ்86 செயலிகளுக்கானவை.

ஒரு குறை மட்டும் இருந்தது. அந்த மெனுவை அணைத்தால் எல்லாத் தடுப்புகளும் அணையும் என்று உதவிக் குறிப்பு சொன்னது. நடைமுறையில் முழுவதும் அப்படி நடக்கவில்லை. சொன்னபடி நடக்கட்டும் என்று 2024 ஏப்ரலில், 6.9 பதிப்பு தயாராகிக்கொண்டிருந்தபோது, ஒரு பேட்ச் உள்ளே வந்தது. தடுப்புகளின் தொடக்க நிலையை வைத்திருக்கும் மாறி 'கெர்னல்' அடைவில் சிபியு.சி என்ற கோப்பில் இருக்கிறது. அந்த இடத்தில், ஸ்பெக்குலேஷன் மிட்டிகேஷன்ஸ் இயக்கப்பட்டிருந்தால் தொடக்க நிலை 'தானியங்கி', இல்லையென்றால் 'அணை' என்று எழுதினார்கள்.

படித்தால் சரியாகத்தான் தோன்றும். ஆனால் சிபியு.சி எல்லாச் செயலி வகைகளுக்கும் பொதுவான கோப்பு. ஆப்ஷனோ எக்ஸ்86 வீட்டுக்குள் மட்டும் இருப்பது. சி நிரலில் ஆப்ஷனைக் கேட்கப் பயன்படும் 'இஸ் எனேபிள்டு' மேக்ரோவுக்கு ஒரு குணம் உண்டு. வரையறையே இல்லாத பெயரைக் கொடுத்தால் அது பிழை சொல்லாது, எச்சரிக்கையும் தராது. பூஜ்யம் என்று பதில் சொல்லிவிட்டுப் போய்விடும். ஆகவே ஆர்ம்64, பவர்பிசி, எஸ்390 போன்ற செயலிகளில் யாரும் எதையும் அணைக்காமலே தடுப்புகளின் தொடக்க நிலை 'அணை' என்று ஆகிவிட்டது. அந்தச் செயலிகளின் அடைவுகளில் ஒரு வரிகூட மாறவில்லை.

மே 12 அன்று 6.9 வெளிவருவதற்கு முன்பே திருத்தம் சேர்ந்துவிட்டது. அந்தத் திருத்தம் நின்று படிக்க வேண்டிய ஒன்று. 'ஸ்பெக்குலேஷன்' என்ற சொல்லை எடுத்துவிட்டு, ஆப்ஷனுக்கு 'சிபியு மிட்டிகேஷன்ஸ்' என்று பொதுப் பெயர் வைத்தார்கள். பொது ஆர்ச்/கேகான்ஃபிக் கோப்பில் அது எப்போதும் 'ஆம்' என்று வரையறை பெற்றது. எக்ஸ்86 மட்டும் 'இதை நானே என் மெனுவில் கேட்டுக்கொள்கிறேன்' என்று அறிவிக்க, 'ஆர்ச் கான்ஃபிகர்ஸ் சிபியு மிட்டிகேஷன்ஸ்' என்ற மறைவான ஆப்ஷனை அமைத்தார்கள். எக்ஸ்86 அதை 'செலெக்ட்' செய்தால், அதாவது தானே இயக்கிவிட்டால், பொது வரையறை ஒதுங்கிக்கொள்ளும். அதனால் எக்ஸ்86 பயனர் பார்க்கும் மெனு பழைய இடத்திலேயே இருந்தது. மற்ற செயலிகளுக்குத் தடுப்பு திரும்பி வந்தது. கெர்னலைக் கட்டும்போதே தடுப்புகளை மொத்தமாக அணைக்கும் உரிமையை மற்ற செயலிகள் கேட்கவில்லை, தங்கள் பயனர்களுக்குக் கொடுக்கவும் இல்லை. அதை வலிந்து திணிக்காமல் விட்டது சரியான முடிவு என்பேன்.

படிக்கிற நிரல் எங்கே இருக்கிறது?

மேலே சொன்னதிலிருந்து முதல் விதி கிடைக்கிறது. ஓர் ஆப்ஷனின் இடத்தை முடிவு செய்ய அது எதற்காக என்று கேட்காதீர்கள், அதை எந்த நிரல் படிக்கிறது என்று கேளுங்கள். பேட்சில் ஆப்ஷனின் பெயர் வரும் ஒவ்வொரு சி கோப்பையும் மேக்ஃபைலையும் 'கிட் கிரெப்' கொண்டு தேடி எடுங்கள். எல்லாமே ஓர் அடைவுக்குள் இருந்தால் ஆப்ஷனும் அங்கேயே இருக்கட்டும். ஒரே ஒரு பொதுக் கோப்பு அதைப் படித்தாலும் வரையறை பொது இடத்துக்கு வந்தாக வேண்டும்.

இதன் மறுபக்கமும் உண்டு. பொதுக் கோப்பில் வைத்துவிட்டு, ஒரு செயலிக்கு மட்டும் என்று நிபந்தனை போடுவது. 'பேஜ் டேபிள் ஐசொலேஷன்' இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. மெல்ட்டௌன் என்ற செயலிக் குறைபாட்டுக்குத் தடுப்பாக 4.15 பதிப்பில், 2018 ஜனவரியில் வந்தது இது. பயனர் நிரல் ஓடும்போது கெர்னலின் பக்கங்களைப் பக்க அட்டவணையிலிருந்து விலக்கி வைக்கும் வேலை. பாதுகாப்புக்கானது என்பதால் செக்யூரிட்டி/கேகான்ஃபிக் கோப்பில் வைத்தார்கள். அதன் நிபந்தனை வரி 'எக்ஸ்86_64 ஆக இருக்க வேண்டும், யூஎம்எல் ஆக இருக்கக் கூடாது' என்று போனது. யூஎம்எல் என்பது கெர்னலையே ஒரு சாதாரணப் பயனர் நிரலாக ஓட்டும் வகை. எக்ஸ்86 கணினியில் கட்டினால் அதற்கும் எக்ஸ்86_64 என்ற அடையாளம் வந்துவிடும். ஆனால் அது ஆர்ச்/எக்ஸ்86/கேகான்ஃபிக் கோப்பைப் படிப்பதில்லை. பொதுக் கோப்பில் உட்கார்ந்ததால்தான் யூஎம்எல்லை விலக்க ஒரு தனி நிபந்தனை தேவைப்பட்டது. 2022இல் ரெட்பிளீட் வேலையோடு இந்த ஆப்ஷனை எக்ஸ்86 கோப்புக்குக் கொண்டுபோனபோது அந்த 'யூஎம்எல் கூடாது' தானாக உதிர்ந்தது. நிபந்தனை வரியில் 'இது வேண்டும், அது கூடாது' என்று செயலிப் பெயர்கள் வரிசை கட்டினால், ஆப்ஷன் வேறெங்கோ இருக்க வேண்டியது என்று சந்தேகப்படுங்கள்.

சரி, வசதி பொதுவானது, ஆனால் சில செயலிகளால் மட்டும்தான் அதைத் தாங்க முடியும் என்றால்? பல வருடப் பழக்கத்தில் இதற்கு ஒரு வழக்கம் நிலைத்துவிட்டது. பயனரிடம் கேள்வி கேட்கும் ஆப்ஷன் பொதுக் கோப்பில் ஒரே ஒரு முறை இருக்கும். அது 'ஹேவ்' அல்லது 'ஆர்ச் ஹாஸ்' என்று தொடங்கும் இன்னொரு ஆப்ஷனை நம்பி நிற்கும். அந்த இரண்டாவதுக்குக் கேள்வி வாசகமே கிடையாது, மெனுவிலும் தெரியாது. எந்தச் செயலியால் முடியுமோ அது தன் கோப்பில் அதை 'செலெக்ட்' செய்யும். முடியும் என்று சொல்வது செயலியின் வேலை, வேண்டுமா என்று கேட்பது பொதுக் கோப்பின் வேலை. ஸ்டாக் ப்ரொடெக்டர் இந்தப் பாதையில் வந்ததுதான். ஆர்ம், மிப்ஸ், எக்ஸ்86 என்று ஆளுக்கொரு வரையறை வைத்திருந்ததை 3.14 பதிப்பில், 2014இல், பொது ஆர்ச்/கேகான்ஃபிக் கோப்பில் ஒன்றாக்கினார்கள். ஆளுக்கொரு படி இருந்தால் ஒன்றில் வந்த திருத்தம் இன்னொன்றுக்குப் போய்ச் சேர்வதில்லை. கேஎக்செக் ஆப்ஷன்களும் இதே காரணத்துக்காக 2023இல், 6.6 பதிப்பில், செயலிக் கோப்புகளிலிருந்து கிளம்பி 'கெர்னல்' அடைவில் ஒரு தனிக் கோப்புக்கு வந்தன.

புதிய பேட்ச் ஒரே ஒரு செயலிக்குத்தான் ஆதரவு தருகிறது, வசதியின் தன்மை மட்டும் பொதுவானது என்றால் நான் முதலிலிருந்தே இந்த இரட்டை அமைப்பைக் கேட்பேன். 'இரண்டாவது செயலி வரும்போது பார்த்துக்கொள்ளலாம்' என்று பேட்ச் எழுதியவர் சொல்வார். இரண்டாவது செயலியின் ஆட்கள் அவசரத்தில் வருவார்கள். தங்கள் கோப்பில் இன்னொரு படியை ஒட்டிவிட்டுப் போய்விடுவார்கள்.

'செலெக்ட்' வரிகளைப் பற்றி ஒரு சின்னக் குறிப்பு. எக்ஸ்86 கோப்பில் அந்த நீண்ட பட்டியல் அகர வரிசையில் இருக்க வேண்டும் என்று அங்கேயே எழுதி வைத்திருக்கிறார்கள். கடைசியில் கொண்டுபோய்ச் சேர்க்கும் பேட்ச்களைத் திருப்பி அனுப்புங்கள். எல்லோரும் கடைசி வரியிலேயே சேர்த்தால் ஒவ்வொரு இணைப்பிலும் மோதல் வரும்.

பெயர் சொல்லும் இடம், இடம் சொல்லும் பொருள்

இடத்தைப் பற்றிப் பேசும்போது பெயரைத் தள்ளி வைக்க முடியாது. இரண்டும் சேர்ந்துதான் பயனருக்குச் செய்தி சொல்கின்றன.

'டீபக் ரோடேட்டா' என்று ஓர் ஆப்ஷன் இருந்தது. கெர்னலின் நிரல் பகுதியையும் மாறாத தரவையும் யாரும் திருத்தி எழுத முடியாதபடி பக்க அனுமதிகளைப் பூட்டுவது அதன் வேலை. தாக்குபவருக்கு எதிரான அடிப்படைப் பாதுகாப்பு அது. பெயரில் 'டீபக்', எக்ஸ்86இல் இருந்த இடமும் டீபக் கோப்பு. மெனுவில் இறங்கிப் பார்ப்பவர் என்ன நினைப்பார்? 'பிழை தேடுபவர்களுக்கானது, என் சர்வருக்கு வேண்டாம்' என்று அணைத்துவிட்டுப் போவார். அவரைக் குறை சொல்ல முடியாது.

இதைச் சரிசெய்தது படிப்படியாக நடந்தது. 4.6 பதிப்பில், 2016இல், எக்ஸ்86க்கு அதைக் கட்டாயமாக்கினார்கள். கேள்வியே கிடையாது என்றானது. பிறகு 2017இல், 4.11 பதிப்பில், பல செயலிகளில் சிதறிக் கிடந்த வரையறைகளைப் பொது ஆர்ச்/கேகான்ஃபிக் கோப்புக்கு நகர்த்தினார்கள். அடுத்த பேட்சில் 'ஸ்ட்ரிக்ட் கெர்னல் ஆர்டபிள்யூஎக்ஸ்' என்று பெயர் மாற்றினார்கள். நகர்த்தியது ஒரு பேட்ச், பெயர் மாற்றியது இன்னொரு பேட்ச் என்பதைக் கவனியுங்கள். இதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

இன்னும் சரியாகாத ஒன்றையும் சொல்ல வேண்டும். 'ஸ்ட்ரிக்ட் டெவ்மெம்', /டெவ்/மெம் வழியாகப் பயனர் நிரல் நினைவகம் முழுவதையும் தொடுவதைத் தடுக்கும் ஆப்ஷன். செயலிகளின் டீபக் கோப்புகளில் இருந்த அதை 4.5 பதிப்பில், 2016இல், லிப்/கேகான்ஃபிக்.டீபக் கோப்பில் ஒன்றுசேர்த்தார்கள். ஒன்றுசேர்த்தது நல்லது. சேர்த்த இடம் 'கெர்னல் ஹேக்கிங்' மெனு. எக்ஸ்86, ஆர்ம்64, பவர்பிசி மூன்றிலும் தொடக்க மதிப்பு 'ஆம்' என்று இருப்பதால் பெரிய தீங்கில்லை. இருந்தாலும் புதிதாக ஒருவர் 'பாதுகாப்பு ஆப்ஷன்தானே, ஸ்ட்ரிக்ட் டெவ்மெம் பக்கத்தில் வைத்திருக்கிறேன்' என்று வந்தால் ஒப்புக்கொள்ளாதீர்கள். பழைய ஆப்ஷன் இருக்கும் இடம் ஒரு தகவல் மட்டுமே, முன்னுதாரணமாகாது.

எல்லோரும் உட்காரும் திண்ணை

இடம் தெரியாதவர்கள் எல்லோரும் கடைசியில் வந்து சேரும் கோப்பு இனிட்/கேகான்ஃபிக். மெனுவில் 'ஜெனரல் செட்டப்' என்று தெரிவது அதுதான். ஊர்ப் பொதுத் திண்ணை மாதிரி. யாரும் யாரையும் எழுப்புவதில்லை. பயனர் பார்க்கும் முதல் மெனு என்பதால், தன் வசதி அங்கே இருக்க வேண்டும் என்ற சபலமும் பலருக்கு உண்டு.

கடந்த சில வருடங்களில் அங்கிருந்து பலர் தங்கள் வீட்டுக்குத் திரும்பியிருக்கிறார்கள். ஸ்வாப், ஸ்லாப் ஆகிய நினைவக ஆப்ஷன்கள் 2022 வரை அங்கேதான் இருந்தன. 5.19 பதிப்பில்தான் எம்எம்/கேகான்ஃபிக் கோப்புக்கு வந்தன. பிபிஎஃப் ஆப்ஷன்கள் 2021இல் தங்கள் சொந்த அடைவுக்குப் போயின. மாட்யூல் ஆப்ஷன்கள் 2022இல் கெர்னல்/மாட்யூல் அடைவுக்குப் போயின. யாரும் புகார் செய்ததாக நினைவில்லை.

ஆகவே இனிட் கோப்பில் புதிய ஆப்ஷன் வந்தால் உங்கள் முதல் பதில் 'ஏன் இங்கே?' என்பதாக இருக்கட்டும். நியாயமான காரணங்கள் சில உண்டு. கெர்னல் கட்டும் முறையையே பாதிப்பவை, கம்பைலரின் திறனைச் சோதிப்பவை, எந்த ஒரு துணை அமைப்புக்கும் சொந்தமில்லாத சிஸ்டம் கால்கள், 'எக்ஸ்பெர்ட்' ஆப்ஷனின் கீழ் வரும் அளவு குறைக்கும் தேர்வுகள். இவற்றில் எதிலும் சேராதது பெரும்பாலும் வேறெங்கோ போக வேண்டியது.

பாதுகாப்பு மெனு இன்னொரு திண்ணை. நினைவக ஒதுக்கீட்டைக் கடினமாக்கும் ஒரு வசதி வருகிறது. ஒதுக்கீட்டு நிரல் எம்எம் அடைவில், நோக்கம் பாதுகாப்பு. எங்கே வைப்பது? 2023இல் 6.6 பதிப்பில் வந்த 'ரேண்டம் கேமல்லாக் கேஷஸ்' எம்எம்/கேகான்ஃபிக் கோப்பில், ஸ்லாப் ஆப்ஷன்களோடு அமர்ந்தது. சரி. ஸ்லாப் நிரலை நாளை மாற்றி எழுதுபவர் அந்த ஆப்ஷனைக் கண்ணால் பார்ப்பார். மாறாக 2016இல் 4.8 பதிப்பில் வந்த 'ஹார்டன்ட் யூசர்காப்பி'யின் நிரல் எம்எம் அடைவில் இருந்தாலும் ஆப்ஷன் செக்யூரிட்டி அடைவில் வந்தது. அதையும் தவறு என்று சொல்ல மாட்டேன். பயனர் நினைவகத்துக்கும் கெர்னலுக்கும் நடுவே நகலெடுக்கும் இடங்களில் எல்லாம் அந்தச் சோதனை நடக்கிறது. அது ஒரு துணை அமைப்பின் உள்விவகாரம் இல்லை.

'பாதுகாப்பு ஆப்ஷன்களெல்லாம் ஓரிடத்தில் இருந்தால் பயனருக்கு வசதிதானே' என்ற வாதம் வரும். அந்த வசதிக்கு வேறு வழி இருக்கிறது. கெர்னல்/கான்ஃபிக்ஸ் அடைவில் 'ஹார்டனிங்.கான்ஃபிக்' என்று ஒரு துண்டுக் கோப்பு உண்டு. 'மேக்' கட்டளைக்கு அதன் பெயரைக் கொடுத்தால், எங்கெங்கோ சிதறியிருக்கும் பாதுகாப்பு ஆப்ஷன்களை ஒரே வீச்சில் போட்டுவிடும். நோக்கத்தின்படி தொகுக்க அந்தக் கோப்பு, நிரலின்படி தொகுக்க கேகான்ஃபிக் மரம். இரண்டையும் ஒரே இடத்தில் செய்ய முயன்றால் இரண்டுமே கெடும்.

கோப்புக்குள் எந்த வரியில்?

கோப்பு சரி என்று முடிவானதும் வரியைப் பாருங்கள். பேட்ச் காட்டும் மூன்று வரிச் சூழலை நம்பாதீர்கள். கோப்பைத் திறந்து, ஆப்ஷன் எந்த 'இஃப்' கட்டத்துக்குள் விழுகிறது என்று மேலே போய்ப் பாருங்கள். நெட்/கேகான்ஃபிக் கோப்பில் 'இஃப் நெட்', எஃப்எஸ்/கேகான்ஃபிக் கோப்பில் 'இஃப் பிளாக்' என்று நீண்ட கட்டங்கள் இருக்கின்றன. டிஸ்க்கே தேவையில்லாத ஒரு கோப்பு முறைமையின் ஆப்ஷனை 'இஃப் பிளாக்' உள்ளே வைத்தால், பிளாக் ஆப்ஷனை அணைத்துவிட்டுச் சிறிய சாதனங்களுக்குக் கெர்னல் கட்டுபவருக்கு அது காணாமல் போகும்.

இன்னொரு நுணுக்கம் பலருக்குத் தெரிவதில்லை. ஓர் ஆப்ஷனுக்கு உடனடியாகக் கீழே அதை நம்பி நிற்கும் ஆப்ஷன்கள் வந்தால், கருவி அவற்றை அதன் துணை மெனுவாக உள்ளே தள்ளிக் காட்டும். நடுவில் சம்பந்தமில்லாத ஓர் ஆப்ஷனைச் செருகினால் அந்தத் தொடர் அறுந்துவிடும். அதற்குப் பின் வருபவை துணை மெனுவிலிருந்து வெளியே வந்து, தாய் ஆப்ஷனுக்கு இணையாக நிற்கும். கம்பைல் செய்வதில் எந்தக் கோளாறும் வராது, பார்க்க மட்டும் குழப்பமாக இருக்கும். 'மேக் மெனுகான்ஃபிக்' ஓட்டி, சாய்கோட்டு விசையை அழுத்திப் பெயரைத் தேடினால் ஆப்ஷன் வரையறுத்த கோப்பு, வரி எண், மெனுப் பாதை, முழு நிபந்தனை எல்லாம் ஒரே திரையில் வரும். அந்த நிபந்தனை பேட்சில் எழுதியிருப்பதோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். ஒத்துப்போகவில்லை என்றால் மீதி மேலேயுள்ள கட்டத்திலிருந்து வந்தது.

கேள்வி வாசகம் உள்ள ஆப்ஷனை வேறொன்று 'செலெக்ட்' செய்கிறதா என்பதையும் கவனியுங்கள். 'செலெக்ட்' நிபந்தனைகளைப் பொருட்படுத்தாமல் இயக்கிவிடும். இடம் மாறியதால் புதிய நிபந்தனை ஒட்டிக்கொண்டிருந்தால், நிறைவேறாத நிபந்தனை என்ற எச்சரிக்கை எங்கோ ஒரு 'ராண்ட்கான்ஃபிக்' கட்டுமானத்தில் தலைகாட்டும். பெரும்பாலும் அது பேட்ச் சேர்ந்து சில நாட்கள் கழித்துத்தான்.

ஆப்ஷனே வேண்டுமா?

இடத்தை விவாதித்துக்கொண்டிருக்கும்போது இந்தக் கேள்வி மறந்துபோகும். டிஸ்ட்ரோக்கள் லட்சக்கணக்கானோருக்கு ஒரே கெர்னலைக் கட்டித் தருகின்றன. கட்டும்போது எடுக்கும் முடிவு அந்தப் பயனர்களைப் பொறுத்தவரை முடிவே இல்லை. அதனால்தான் டிரான்ஸ்பரன்ட் ஹியூஜ்பேஜ் வசதிக்கு கேகான்ஃபிக் ஆப்ஷனோடு ஓடும்போதே மாற்றும் சிஸ்எஃப்எஸ் கோப்பும் இருக்கிறது. 'இனிட் ஆன் அலாக்' வசதியில் கேகான்ஃபிக் ஆப்ஷன் தொடக்க மதிப்பை மட்டும் முடிவு செய்கிறது. பூட் செய்யும்போது மாற்றிக்கொள்ளலாம். ப்ரீஎம்ப்ஷன் முறையும் 2021இல் 5.12 பதிப்பிலிருந்து பூட் வரியில் தேர்ந்தெடுக்கும்படி வந்துவிட்டது. அணைத்து வைப்பதால் அளவோ வேகமோ உண்மையில் மிச்சமாகாது என்றால், ஆப்ஷனை எடுத்துவிடச் சொல்லுங்கள்.

தொடக்க மதிப்பைப் பற்றிச் சுருக்கமாக: புதிய வசதிக்கு 'ஆம்' கூடாது. முன்பு எப்போதும் கட்டப்பட்டதைப் புதிதாக ஓர் ஆப்ஷனுக்குள் அடைத்தால் 'ஆம்' சரி. மற்ற ஆப்ஷன்களைக் காட்டுவதற்கு மட்டும் வாசலாக இருக்கும் ஆப்ஷனுக்கும் சரி. மீதி விதிவிலக்குகளைக் கேகான்ஃபிக் மொழி ஆவணம் வரிசையாகச் சொல்கிறது.

இடம் மாற்றும் பேட்ச்

இருக்கும் ஆப்ஷனைச் சரியான இடத்துக்கு நகர்த்தும் பேட்ச் வந்தால், அது நகர்த்துவதை மட்டுமே செய்ய வேண்டும். நகர்த்தும் சாக்கில் உதவிக் குறிப்பைத் திருத்துவது, நிபந்தனையை இளக்குவது, பெயரை மாற்றுவது எல்லாம் தனித் தனிப் பேட்ச்களாக வரட்டும். 4.11இல் செய்தது போல.

சரிபார்ப்பது எளிது. பேட்சுக்கு முன்னும் பின்னும் சில செயலிகளுக்கு 'டெஃப்கான்ஃபிக்', 'ஆல்மாட்கான்ஃபிக்', 'ஆல்நோகான்ஃபிக்' மூன்றையும் ஓட்டுங்கள். எக்ஸ்86, ஆர்ம்64 ஆகியவற்றோடு யூஎம்எல்லையும் கட்டாயம் சேருங்கள். கிடைக்கும் '.கான்ஃபிக்' கோப்புகளை வரிசைப்படுத்திவிட்டு ஒப்பிடுங்கள். வரிசைப்படுத்தாமல் ஒப்பிட்டால் மெனு வரிசை மாறியதே பெரிய வித்தியாசமாகத் தெரியும். வரிசைப்படுத்திய பிறகு, புதிதாகத் திறந்த மெனுவின் தலைப்பைத் தவிர வேறெந்த வித்தியாசமும் இருக்கக் கூடாது. ஒரு வரி மாறினாலும் அது வெறும் நகர்த்தல் இல்லை. பேட்ச் எழுதியவர் விளக்க வேண்டும்.

பெயர் மாற்றத்துக்கு இதைவிடக் கடுமையாக இருங்கள். நிபந்தனை மாறாமல் இடம் மட்டும் மாறினால் பயனர் எதையும் இழப்பதில்லை, பழைய '.கான்ஃபிக்' அப்படியே செல்லும். பெயர் மாறினால், பழைய '.கான்ஃபிக்' கோப்பைப் புதிய பதிப்புக்குக் கொண்டுவர 'ஓல்ட்டெஃப்கான்ஃபிக்' ஓட்டும்போது பழைய பெயர் சத்தமில்லாமல் விழுந்துவிடும். புதிய பெயர் தன் தொடக்க மதிப்பை எடுத்துக்கொள்ளும். பயனர் வேண்டுமென்றே இயக்கி வைத்திருந்த பாதுகாப்பு அடுத்த பதிப்பில் அணைந்து கிடக்கலாம். ஆகவே புதிய ஆப்ஷனை ரிவ்யூ செய்யும்போது நேரம் போதவில்லை என்றால் பெயரில் பிடிவாதமாக இருங்கள், மெனு அழகில் விட்டுக்கொடுங்கள். பொதுக் கோப்பா, செயலிக் கோப்பா என்பதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

பதில் எழுதும்போது 'இது தவறான இடம்' என்று நிறுத்திவிடாதீர்கள். எந்தக் கோப்பு, எந்த ஆப்ஷனுக்குக் கீழே, எந்த நிரல் அதைப் படிப்பதால் என்று மூன்றையும் எழுதுங்கள். அந்தக் கோப்பின் மெயின்டெய்னரையும் நகலில் சேருங்கள். புதிய இடத்தில் ஆப்ஷனைச் சுமக்கப் போகிறவர் அவர்தான். அவர் வேண்டாம் என்றால் நீங்கள் சொன்ன இடம் இடமே இல்லை.